எழுத்துப் பிழையின் வேகம்

வேகம் பார்க்கும் சோதனை நிரலில், அடர்த்தி என்பதற்கான ஆங்கிலச் சொல்லை யாரோ ஓர் எழுத்து மாற்றி எழுதியிருந்தார்கள். பல்லிடுக்கில் மாட்டிய நார் போல அது அவளை உறுத்தியது. திருத்திவிட்டு மறுபடி ஓட்டினாள். அதுவரை துள்ளி ஓடிய மூடுபனிக் காட்சி நொண்டியடித்தது.

அந்தச் சோதனை நிரல் ஒரு ஷேடர்; பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்குப் போடும் சின்ன நிரல், அவ்வளவுதான். அதைக் கணினிச் சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். ஒரே மூச்சில் மாற்றாது. அரிசி களைவது போலச் சுற்றுச் சுற்றாக மாற்றும். அதில் ஒரு சுற்று அவளுடையது. யாருக்கும் பயன்படாத வரிகளைத் தேடி நீக்குவது அதன் வேலை. அலுவலகத்தில் அவற்றுக்குப் பெயர் ‘செத்த வரி’. அவள் பாடுபட்டுச் செப்பனிட்ட அந்தச் சுற்று, அன்று மாலை அவள் பெயரில் வெளியே போக வேண்டும்.

நிரலில் அந்தச் சொல் வெறும் பெயர்தான்; பெயரை மாற்றிக் கூப்பிட்டால் மனுஷனுக்கு உயரம் குறையுமா? தன் சுற்றைத் திறந்து படித்தாள். நடுவில் அவள் எழுதாத நாலு வரி. அந்தத் தப்பு எழுத்தைக் கண்டால், மூடுபனிக் கணக்கில் பாதியைச் செத்ததென்று தள்ளிவிடச் சொல்லும் வரிகள். எழுதியவன் அவள் கொழுந்தன் என்றது திருத்தப் பதிவு. அவனை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவளும் அவளேதான்.

அவனைக் கூப்பிட்டாள்.

“இது என்னப்பா?”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் சிரித்தான். “அண்ணி கண்ணுக்குத் தப்புமா!”

“பல்லைக் காட்டாதே. உயிரோட இருக்கிறதை எப்படிச் செத்ததுன்னு போட்டே?”

“பனி கொஞ்சம் மெலிசாத் தெரியும், அவ்வளவுதானே? பத்திரிகைக்காரங்க இந்த ஒரு காட்சியை ஓட்டித்தான் யாரோட சில்லு வேகம்னு எழுதறாங்க. நாம ஜெயிச்சா என்னைக் குழுத்தலைவராப் போடறாங்க.”

“மத்த நிரலுக்கெல்லாம்?”

“அதுக்கெல்லாம் உங்க நேர்மையான வேகம்தான், அண்ணி.”

அந்த ‘நேர்மையான’ ஊசிப்போன பண்டம் போல நாறியது. வேறெந்த நிரலிலும் வராத எழுத்துப் பிழையாகப் பார்த்துப் பிடித்திருக்கிறான்! அந்த மூளையை ஒழுங்காகச் செலவழித்திருந்தால் சுற்று நிஜமாகவே வேகமாகியிருக்கும்.

நாலு வரியையும் நீக்கினாள். நீக்கக் காரணம் என்னவென்று கணினி கேட்ட இடத்தில் பூசி மெழுகவில்லை. ‘சோதனையை ஏமாற்றும் வரிகள், நீக்கிவிட்டேன்’ என்று எழுதிக் குழு முழுவதற்கும் அனுப்பினாள்.

அவன் முகம் சுண்டிப்போனது. “ஒரு வார்த்தை சொல்லாம அனுப்பிட்டீங்களே! உங்க கூடப் பொறந்தவனா இருந்தா இப்படிச் செய்வீங்களா?”

“அவனா இருந்தா கன்னத்துல ஒண்ணு விட்டுட்டு அனுப்பியிருப்பேன்.”

விருட்டென்று எழுந்து போனான். சற்று நேரத்தில் அவள் கைப்பேசி அடித்தது. அழைத்தது கணவன். அதற்குள் கொழுந்தன் தன் அண்ணனிடம் போய் மூக்கைச் சிந்தியிருக்கிறான்.

“ஆமாங்க, நான்தான் எடுத்தேன். இல்ல, திருப்பிப் போட மாட்டேன்… சாப்பாட்டுக்கா? தாராளமா வரட்டும், தட்டு வைக்கிறேன். என்கிட்ட பேச்சு மட்டும் கொடுக்க வேணாம்னு சொல்லிடுங்க.”