ஷரிபுதீனின் கொழுப்பை அடக்கிய கதை

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டில் கிடைத்தது. எதிரே இருந்த ஷரிபுதீன் தொப்பை இடிக்க இடிக்க மூன்றாவது வட்டிலப்ப இனிப்புக்குக் கை நீட்டினார். பக்கத்தில் இருந்தவர் என் காதைக் கடித்தார்: “இவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, ஒண்டும் இல்ல. பெண்சாதி நபீஸா ஈர்க்கில் மாதிரி. அவவுக்குத்தான் இரிக்கி. களவாத் தின்றா போல.”

நான் தலையாட்டினேன். (நீங்களும்தான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.)

2.

தொடக்கங்கள்:

சுனாமி வந்த அன்று கடல்...

வேண்டாம். இப்படித் தொடங்கினால் பிறகு சிரிக்க முடியாது.

மனிதக் கொழுப்புத் திசுவில் மரபணுக்களின் வெளிப்பாடானது...

இதுவும் வேண்டாம். நபீஸா கொட்டாவி விடுகிறா.

சரி. 2009. யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் எங்கள் பக்கம் முதலில் ஐஸ்கிறீம் வான் வந்தது. அடுத்து, எங்கள் வயிற்றுக் கொழுப்பில் கொஞ்சம் தரமுடியுமா என்று கேட்டு கொழும்பிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது.*

* ‘கொழுப்பு’ என்ற சொல்லை வைத்துப் பகிடி விடமாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்திருக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

3.

நபீஸா ஏன் முதல் ஆளாகப் போனா?

சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூட முகாமில் இருந்த காலத்தில்தான் அவவுக்குச் சீனி வருத்தம் பிடிபட்டது. வேலிக்கு அங்கால் இருக்கும் சபியா உம்மா அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டா: “முகாமில குடுத்த பிஸ்கட்டத் தின்டு தின்டு வந்த சீனி.” அன்றிலிருந்து நபீஸா எந்த வீட்டுக்குள் கால் வைத்தாலும் சீனிப் போத்தல் அலுமாரிக்குள் போய்விடும். பூனைக்குப் பயந்து மீனை மூடுவது போல. நபீஸாவுக்கு நோயைவிட இதுதான் சுட்டது.

ஊசியோடு வந்த டொக்டர் கஜேந்தினி விளக்கினார். “எல்லா மரபணுவும் எல்லா இடத்திலயும் வேலை செய்யாது அக்கா. கொழுப்புக்குள்ள சிலது ஓடித்திரியும், சிலது படுத்துக் கிடக்கும். சிலபேர்ட கொழுப்பு வாறதையெல்லாம் வாங்கி அடுக்கி வைக்கும். சிலபேர்ட கொழுப்புக்கு அது ஏலாது. அப்ப மிச்சம் ஈரலுக்கும் தசைக்கும் போய்ச் சீனியக் குழப்பலாம். அதத்தான் தேடுறம்.”

“அப்ப என்ட கொழுப்பே எனக்குச் சாட்சி செல்லுமா தங்கச்சி?”

“ஆளாளுக்கு முடிவு தரமாட்டம் அக்கா. எல்லாரையும் சேர்த்துத்தான் எழுதுவம்.”

நபீஸாவின் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் வயிற்றைக் கொடுத்தா.

ஷரிபுதீனோ ஊசியைக் கண்டு மார்க்கத்துக்குள் ஒளிந்தார். “உடம்பில எடுத்த சதைய மண்ணில அடக்கணும். கொழும்புக்குக் குடுக்க ஏலுமா?”

“மிச்சத்தக் கையில தாறன். கொண்டுபோய் அடக்குங்க,” என்றார் டொக்டர்.

வேறு சாட்டு அகப்படவில்லை. படுத்தார். கத்தினார். (கத்தலை எழுதிப் பார்த்தேன். அச்சில் சரிவரவில்லை.)

4.

பயற்றங்கொட்டை அளவு கொழுப்பு, சின்னப் போத்தலில். வீட்டு முருங்கையடியில் குழி தோண்டியாயிற்று. கோழிகள் சுற்றி நின்றன.

“இஞ்சாருங்க,” என்றா நபீஸா. “அடக்க முன்னம் சனத்துக்கிட்டக் கேக்கணுமே, மௌத்தானவர் ஆருக்கும் கடன்பட்டிரிக்காரா எண்டு.”

ஷரிபுதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போத்தலை உயர்த்திக் கோழிகளைப் பார்த்துக் கேட்டார்: “இந்தக் கொழுப்பு ஆருக்காச்சும் ஏதும் குடுக்க இரிக்கா?”

“எனக்கு இரிக்கி,” என்றா நபீஸா. “முகாமில எனக்குத் தந்த பிஸ்கட்.”

சிரிப்பு நின்றது.

நபீஸாவின் தங்கச்சியைக் கடல் கொண்டுபோய், மையித்தும் கிடைக்காத நாட்கள் அவை. நபீஸாவின் தொண்டைக்குள் ஒன்றும் இறங்கவில்லை. தன் பங்கை அவர் பக்கம் தள்ளிவிடுவா. அவர் தின்றார். பிறகு, அவதான் தின்றா என்று ஊர் சொன்னபோது வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிஸ்கட் இப்போது முழுசாக அவர் இடுப்பில் இருந்தது. ஷரிபுதீனுக்கு வெட்கமாக இருந்தது. ஊசியைவிட இது கூடக் குத்தியது.

“பொருந்திக்கொள்ளு புள்ள, மன்னிச்சிரு.”

“என்னட்ட மட்டும் செல்லி என்ன? வேலிக்கு அங்கால கேக்கிற மாதிரிச் செல்லுங்க.”

“சபியா உம்மா! பிஸ்கட்ட அவ தின்னல்ல! நான்தான் தின்ட! அவட பங்கையும் நான்தான் தின்ட!”

5.

முடிவு ஒன்று: சபியா உம்மா அழுதுகொண்டே வேலி தாண்டி வருகிறா. (முழங்கால் வருத்தக்காரி. தாண்டமாட்டா.)

முடிவு இரண்டு: கொழும்பிலிருந்து அறிக்கை வருகிறது, அதில் நபீஸாவின் பெயர்... (வராது. டொக்டரே சொல்லிவிட்டார்.)

ஆகவே முடிவு இல்லை. குழி திறந்தபடி. போத்தல் ஷரிபுதீனின் கையில். வேலிக்கு அங்கால் சபியா உம்மா, காதைத் தீட்டியபடி. அவவுக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். கலியாண வீட்டில் தலையாட்டிய ஆள் நீங்கள்தானே?

நபீஸா வேலியைப் பார்த்தபடி நிற்கிறா. அங்கிருந்து ஒரு சொல் வராமல் அவ பொருந்தமாட்டா. அவ பொருந்தாமல் இவர் அடக்கமாட்டார்.

நான் பேனையை மூடிவிட்டேன். கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள், நபீஸா தின்றாவா, இல்லையா? கெதியாக. கோழி ஒன்று போத்தலையே பார்க்கிறது.