யமுனா போட்ட மார்க்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பத்திரிகை வேலையில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கடையில் கிடைக்கும் ஐந்து ரூட் பியர்களைக் குடித்துப் பார்த்து, மார்க் போட்டு எழுதித் தரச் சொன்னார்கள். (பெயரில்தான் பியர். போதை கிடையாது. வேர்ச்சாறு, சர்க்கரை, சோடா.) முதல் பாட்டிலில் எனக்குச் சுளுக்குத் தைலத்தின் வாசனைதான் வந்தது. அதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை.

விவரம் தெரிந்தவரைத் தேடி எடமலைப்பட்டி புதூருக்குப் போனேன். பீமராவ். மண்ணச்சநல்லூர்ப் பக்கம் நன்னாரி வேரில் ரூட் பியர் போடும் சின்னக் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் ருசி பார்த்தவர். அவர் சரி என்றால்தான் சரக்கு வெளியே போகும்.

நான் கொண்டுபோனதில் ஒரு வாய் குடித்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க மேடம். நாலு வருஷமாத் தெரியாது."

2

இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

மலைக்கோட்டையின் நிழல் நீளும் மாலையில் பீமராவ்

இல்லை. அவர் வீட்டிலிருந்து மலைக்கோட்டை தெரியாது.

நாக்கு என்பது நினைவின்

இதுவும் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

கொரோனாவில் காய்ச்சல் வந்து போனது. வாசனையும் ருசியும் திரும்பவில்லை. முதலாளியிடம் சொன்னால் வேலை போய்விடும். மனைவியிடம் மட்டும் சொன்னார். யமுனா வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள்.

"தினம் ஒரு பாட்டில் எடுத்துட்டு வாங்க. நான் குடிச்சுச் சொல்றேன். நீங்க அங்க போயிச் சொல்லுங்க."

அப்படியே நடந்தது. "மொத வாய் நல்லாருக்கு. ரெண்டாவதுல பாகு கருகின வாசம். பத்துக்கு ஆறு." இன்னொரு நாள், "புதுக் கோரப்பாயில மொகத்த வெச்ச மாதிரி இருக்குங்க. எட்டு போடுங்க." மறுநாள் கம்பெனியில் அவர் அதையே ஒப்பிப்பார். "இத்தனை வருஷத்துல இப்பதான்யா நீ வாயைத் தொறந்து பேசுற" என்றாராம் முதலாளி. வீட்டில் வந்து சொன்னதும் யமுனா மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாளாம்.

(அந்தச் சிரிப்பைப் பற்றி அவர் நிறையச் சொன்னார். எழுதினால் சின்னதாகிவிடுகிறது. விட்டுவிட்டேன்.)

3

இங்கே எனக்கு யமுனா மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவளாக ஒருத்தி இருப்பாளா? அவரிடமே கேட்டேன்.

"நல்லவள்னு யாரு சொன்னா? அவ ஆறு சொன்னதுக்கு நான் ஏழு போட்டுட்டேன்னு ரெண்டு நாள் திட்டினா."

மூன்றாவது வருஷம் யமுனாவுக்குப் புற்றுநோய். கீமோ ஊசி போட்டு வந்து படுத்த நாளிலும் கையை நீட்டிப் பாட்டிலைக் கேட்பாள். மார்க் சொல்வாள். ஒருநாள் "எட்டு" என்றாள். சரக்கு போனது. மூன்றாம் நாள் ஸ்ரீரங்கத்துக் கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. மொத்தமும் புளித்திருந்தது.

"எப்படிய்யா இதைப் பாஸ் பண்ணுன?" முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார். வேலை போயிற்று.

4

"மூணு மாசமா எனக்கும் எதுவும் தெரியலைங்க" என்றாள் யமுனா. "எத வாயில வெச்சாலும் தகரமாட்டம் இருக்கு. சொன்னா என்ன பண்ணுவீங்க? அதான் தோணுனதச் சொன்னேன்."

"என்னைக் கேவலப்படுத்திட்டியே."

அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவில்லை. நான்கு நாள்.

(முதலாளியிடம் அவர் மறைத்ததைப் போலத்தான் அவளும் அவரிடம் மறைத்தாள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. அவரே சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு.)

நான்காம் நாள் மத்தியானம் யமுனா எழுந்து வந்தாள். வீட்டில் மிச்சம் இருந்த ஒரு பாட்டிலைத் திறந்து, இரண்டு தம்ளரில் ஊற்றி, ஒன்றை அவர் முன்னால் வைத்தாள்.

"ரெண்டு பேருக்கும் தெரியாது. சும்மா குடிப்போம், வாங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். சாயங்காலம் அவளுக்கு நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். கண் திறக்காமலே போய்விட்டாள்.

5

நான் வேறு மாதிரி ஒரு முடிவு எழுதினேன். அதில் அவர் தம்ளரை எடுக்கிறார். ஒரு மண்ணும் தெரியாமல் இருவரும் குடிக்கிறார்கள். பத்துக்குப் பத்து, என்கிறாள் யமுனா.

அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"இதையே போட்டுருங்க மேடம். எங்கயாவது ஒரு எடத்துலயாவது நான் எடுத்ததா இருக்கட்டும்."

உள்ளேயிருந்து மகள் தேவதர்ஷினி வந்தாள். "போடாதீங்க மேடம். அன்னிக்கு நான் வீட்லதான் இருந்தேன். எங்கம்மா தனியாக் குடிச்சாங்க. குடிச்சுட்டு அப்பா தம்ளர மூடி வெச்சாங்க, வந்து குடிப்பாருன்னு. அத மாத்திட்டா அப்புறம் எங்கம்மா பட்டது எங்க இருக்கு?"

பீமராவ் மகளைப் பார்க்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரமாக இந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வரியையும் அப்படியே விட்டிருக்கிறேன்:

அவர் தம்ளரை எடுத்தார்.

அவர் தம்ளரை எடுக்கவில்லை.

ஒன்றை நீங்கள் அடித்துவிடுங்கள். எனக்குக் கை போகவில்லை.