அனுமதிக்குக் காத்திருந்தவர்கள்

ஹோட்டலின் அடித்தளச் சலவை அறையில் இஸ்திரி போடுகிறவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெளியூர் வீடுகளில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்காக ஃபோனில் ஒரு குழு நடத்துகிறாள். யார் எழுதினாலும் அவள் பார்த்து அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். கடன் விளம்பரமும் அசிங்கப் படமுமாக வந்து குவியும். டீ நேரத்தில் மேலோட்டமாகப் பார்த்து, நல்லதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திரையில் ஒரே தட்டாகத் தட்டி மொத்தமாகத் தள்ளி அழித்துவிடுவாள்.

அன்றும் தட்டினாள். விரலை எடுத்த பிறகுதான், கண்ணில் பட்டது மண்டையில் ஏறியது. இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே: 'வெளிய பூட்டிட்டுப் போய்ட்டாங்க. தண்ணி தீந்துபோச்சு.'

எழுதியவள் பெயரைக்கூடப் பார்க்கவில்லை. தேடினாள். இல்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் விரிப்பு மடிக்கும் அக்கா.

சொன்னாள்.

"அந்த ஆப் கம்பெனிக்காரன்கிட்ட கேளு. அழிஞ்சத எடுத்துக் குடுக்கட்டும்."

கேட்டாள். உடனே பதில் வந்தது: 'உங்கள் சேவைக்கு நன்றி. இன்று முதல் நீங்கள் தங்க நிர்வாகி.' கூடவே ஒரு மஞ்சள் நட்சத்திரம்.

"ராப்பகலா ஓசியில உழைக்கிறதுக்கு நட்சத்திரமா? இத வச்சு நாக்கு வழிக்கவா?" அக்கா சிரித்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "விடுடி, வேற யாராவது பாத்திருப்பாங்க" என்றாள்.

"நான் விட்டாத்தான்க்கா மத்தவங்க பாக்க முடியும். நான் வேணாம்னு தள்ளிட்டேன்னு அவளுக்கு இந்நேரம் சேதி போயிருக்கும்."

குழுவில் எழுதினாள்: 'பூட்டின வீட்டுக்குள்ள இருக்கிறவங்க திரும்ப எழுதுங்க. தெரியாம தள்ளிட்டேன். எந்த இடம்னு சொல்லுங்க. இங்கயேதான் இருக்கேன்.'

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுத் துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "மூணாம் மாடி ஷீட்டு எங்கம்மா?"

"பெட்டி சூடாகல சார்" என்று அக்கா புளுகினாள்.

ஃபோன் அதிர்ந்தது. 'அக்கா, என்னையும் பூட்டித்தான் வச்சிருக்காங்க. தண்ணி இருக்கு.' தேடுகிறவள் இவளில்லை. அடுத்தது: 'ரெண்டு பேர் இருக்கோம். ஜன்னல் இல்ல.' அடுத்ததில் எழுத்தே இல்லை. உள்ளேயிருந்து எடுத்த ஒரு கதவின் படம். அப்புறம் இன்னொரு கதவு. அதிர்வு நிற்கவேயில்லை.

"அக்கா, உங்க ஃபோனையும் எடுங்க. உங்களையும் நிர்வாகியா சேத்துவிடுறேன். என்னால ஒண்டியா முடியாது."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"இதுல எவடி அவ?"

"தெரியலக்கா. தண்ணி இருக்கான்னு ஒவ்வொருத்தியா கேளுங்க. நான் முதல் சேதியிலேருந்து வர்றேன், நீங்க கடைசிலேருந்து வாங்க."