தாழ்ப்பாள்

உலகம்மாள் மில்லில் முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, ஐயம்பெருமாள் புறவாசல் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தான். தெருவாசல் கதவில் ஏற்கெனவே நாலு திருகாணி ஓட்டைகள்தான் மிச்சம்.

அவன் வடக்கே லாத்தூர் பக்கத்திலிருந்து திரும்பி ஒரு மாதம் ஆகிறது. ஆறு வருஷமாக அங்கே ஒரு சின்ன ஊரில், வள்ளியூர்க்காரன் பரமசிவனோடு சேர்ந்து இட்லிக் கடை போட்டிருந்தான். வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் கொடை விழாவுக்கு மட்டும் வந்து போவான். பூகம்பம் அந்த ஊரையே கல்லும் மண்ணுமாகக் குவித்துவிட்டது. பரமசிவன் அதிலேயே போய்விட்டான். இவன் உடம்பில் ஒரு சிராய்ப்பு இல்லாமல் விக்கிரமசிங்கபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினான். என்ன நடந்தது என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

வந்த மூன்றாம் நாளே ஆரம்பித்துவிட்டான். பரணில் இருந்த பித்தளை அண்டா, குத்துவிளக்கு எல்லாவற்றையும் கீழே இறக்கினான். வீட்டுக்குள் நடக்க இடமில்லை. பீரோவை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினான். ஒரு சேலை எடுக்க வேண்டுமென்றாலும் முடிச்சை அவிழ்க்க வேண்டும். ரேஷன் கார்டும் டார்ச் லைட்டும் ஒரு பாக்கெட் ரொட்டியும் பிளாஸ்டிக் பையில் முருங்கை மரத்தில் தொங்கின. மகள் ப்ரியாவை அடுப்படியில் நிறுத்தி, "ஓடு" என்று சத்தம் கொடுத்துவிட்டு எண்ணுவான். ஏழு எண்ணும்போது அவள் முற்றத்துக்கு வந்துவிடுவாள். அஞ்சுக்குள் வரணும் என்பான். மறுபடி ஓடுவாள். பக்கத்து வீட்டு மஹ்மூதா பீவி மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "என்ன மைனி, பிள்ளையப் பந்தயத்துக்கா அனுப்பப் போறிய?" என்று சிரிப்பாள். உலகம்மாளும் சிரித்து வைப்பாள். எட்டு மணி நேரம் மிஷின் அதிர்வில் நின்றுவிட்டு வரும் கால்கள் வீட்டுத் தரையிலும் கொஞ்ச நேரம் நடுங்கும். அதை அவள் அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்லுவான்.

எல்லாவற்றையும் பொறுத்தாள். தாழ்ப்பாளைத்தான் பொறுக்க முடியவில்லை. ப்ரியா ஆனி மாதம்தான் வயதுக்கு வந்திருந்தாள்.

"சமஞ்ச பிள்ளைய வச்சிக்கிட்டு கதவத் தொறந்து போட்டா எப்படிங்க படுக்க?"

"சாத்திக்கிடலாம். தாப்பாதான் கூடாது."

"ஊருல எவனும் செய்யாத வேலைல்லா செய்யுதீங்க!"

அவன் எழுந்திருக்கவில்லை. திருகாணிகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"அடுப்புப் பத்தவைக்க நான் வெளிய வந்தேன். நாயி உள்ள வந்து மாவுல வாய வச்சிரும், தாப்பா போட்டுக்கிட்டுப் படுலேன்னு பரமசிவன்ட்ட நான்தான் சொன்னேன். ஆடுன ஆட்டத்துல கதவு நெல கோணிப்போச்சு. தாப்பா அசையல. அவன் உள்ளருந்து இழுக்கான், நான் வெளியருந்து தள்ளுதேன். அண்ணாச்சி, நல்லாத் தள்ளுங்கன்னான். ரெண்டு தடவ சொன்னான்."

உலகம்மாள் உள்ளே போய்ச் சும்மா அடுப்பைத் துடைத்தாள்.

மறுநாள் வரும் வழியில் இரும்புக் கடை முன்னால் நின்றாள். தாழ்ப்பாள் கேட்டாள். கடைக்காரர் எடுத்துக் காட்டியதும், வேண்டாம் என்று திரும்பிவிட்டாள். படுக்கப் போகுமுன் அண்டாவில் தண்ணீர் நிரப்பிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். அவன் அதை நகர்த்தி வைத்தான். அடுத்த நாளும் அவள் வைத்தாள். அடுத்த நாளும் அவன் நகர்த்தினான்.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் சாயங்காலம் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, திடுமென்று ஒரு சத்தம். தரை ஒரு தரம் தூக்கிப் போட்டது. ப்ரியா பறந்தாள். உலகம்மாளும் கை ஈரத்தோடு பின்னாலேயே ஓடி முற்றத்தில், மழையில் நின்றாள். மஹ்மூதா பீவி வீட்டு மதில் முழுசாகச் சரிந்து கிடந்தது.

"மைனி, யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?"

"இல்ல மைனி" என்று சொல்லிவிட்டு உலகம்மாள் திரும்பினாள். ஐயம்பெருமாள் வெளியே வரவில்லை.

புறவாசலில் நின்றிருந்தான். திறந்த கதவைத் தோளால் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு. "தள்ளுதேன்லே, தள்ளுதேன்."

"எப்பா! மதிலுதான்ப்பா!" என்று கத்தினாள் ப்ரியா. அவனுக்குக் கேட்கவில்லை.

வெளியே போனவர்கள் என்ன ஆனாலும் உள்ளே திரும்பக்கூடாது என்பது அவன் படித்துப் படித்துச் சொன்னது. உலகம்மாள் படியேறினாள். அவன் கைமேல் கையை வைத்தாள். விறைத்துப் போயிருந்தது.

"பூகம்பம் இல்லங்க. மழையில மதிலு சரிஞ்சிட்டு. எல்லாரும் வெளிய வந்தாச்சு."

"எல்லாரும்னா?"

அவன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. பிறகு பிரிப்பதை விட்டுவிட்டு, அவன் பக்கத்திலேயே தோளைக் கொடுத்து அவளும் கதவைத் தள்ளினாள்.

வெளியே மழை வலுத்தது. மஹ்மூதா பீவியின் வெள்ளாட்டுக் குட்டி நனைந்த செங்கல் குவியல்மேல் ஏறி நின்று, எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் இரண்டு முற்றங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.