இரண்டு பேருக்கான சோறு

கிழட்டு நாய் கறுவலால் காலையில் எழும்ப முடியவில்லை. பின்னங்கால்களை மணலில் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு யூலியானாவின் முகத்தைப் பார்க்கும். அவள் வயிற்றுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவாள். கொஞ்சம் நடந்தபிறகுதான் அதற்குக் கால் பிடிபடும். மாரி தொடங்கியதும் முழங்கால்கள் வீங்கிவிட்டன.

முள்ளிவாய்க்காலில் அந்த வீட்டில் அவளும் நாயும்தான். கடலுக்குப் போன அவள் புருஷன் வின்சன் திரும்பவில்லை, வள்ளமும் கரையொதுங்கவில்லை. செத்த வீடு செய்ய அவள் சம்மதிக்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மெல்ல மெல்ல வராமல் போனார்கள்.

ஒருநாள் மீன்பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி, நாயை அதற்குள் இருத்தி, முள்ளியவளைக்கு உருட்டிக்கொண்டே போனாள். அங்கே மாட்டு டொக்டர் சிற்றம்பலம் கறுவலின் முழங்காலை மடித்துப் பார்த்தார். அது முனகியது.

"வயசு போட்டுது, எலும்பு தேஞ்சிட்டுது போல, என்ன ஐயா?"

"தேய்மானம் மட்டுமில்லை, பிள்ளை. இதில கை வைச்சுப் பாருங்கோ. சுடுதே?"

"ஓம், சுடுது."

"உள்ளுக்க அழற்சி. காயம் பட்டா அந்த இடம் சிவந்து வீங்குமெல்லே, அது மாதிரித்தான். காயம் ஆறினா வீக்கம் வத்திப்போம். இது வத்தாது. குருத்தெலும்பு தேயத் தேய மூட்டு வீங்கும், வீங்க வீங்க இன்னும் தேயும்."

"மருந்து?"

"வீக்கத்தை அடக்க மருந்து இருக்கு. ஆமிக்காரர் வவுனியா தாண்டி இஞ்சால விடுறாங்களில்லை. அதுக்காக ஆக்கள் நோவுக்குப் போடுற குளிசையைக் குடுத்துப்போடாதேங்கோ, குடல் புண்ணாப்போம்." அவர் நாயின் விலாவைத் தடவினார். எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை. "என்ன சாப்பாடு குடுக்கிறியள்?"

"சோறும் மீனும்."

"இவ்வளவு கொழுப்பு ஏறியிருக்கே! பாரமும் கூட, அழற்சியும் கூட. எரியிற நெருப்பில நெய் வார்க்கிற மாதிரி. வீட்டில மிஞ்சிறதெல்லாம் இவனுக்கோ? எத்தினை பேர் இருக்கிறியள்?"

"நான் மட்டும்தான்." அவள் நாயின் முதுகில் கையை வைத்தாள். "ரெண்டு பேருக்குத்தான் ஐயா சமைக்கிறனான்."

டொக்டர் நாயைத் தூக்கிப் பெட்டிக்குள் இருத்தினார். "ஈரத்தில படுக்க விடாதேங்கோ. பின்னேரத்தில மெல்ல நடத்துங்கோ. சாப்பாட்டைக் குறையுங்கோ, அதுதான் இப்ப மருந்து" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஒரு சுண்டு அரிசி அளந்து போட்டபின் கை தானாக மறுபடி சாக்குக்குள் போனது. வெறுங்கையை வெளியே எடுத்தாள். அன்று சோற்றுப்பானை பாதிகூட நிறையவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு குசினி நிலத்தில் இருந்தவள் வாய்விட்டு அழுதாள். வின்சன் போனபிறகு அப்படி அழுதது அதுதான் முதல் தடவை.

பின்னேரங்களில் நாயைக் கூட்டிக்கொண்டு ஈரமணலில் நடந்தாள். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கறுவல் இளைத்தது. வீக்கம் முழுதாகப் போகவில்லை. சூடு மட்டும் தணிந்தது.

மாரி முடிந்த ஒரு காலையில் அவள் வழக்கம்போலக் குனிந்து கையை நீட்டினாள். அதற்குள் கறுவல் கால்கள் நடுங்க நடுங்கத் தானே எழும்பிவிட்டது. அவளைத் திரும்பிப் பாராமல் வெயிலுக்குப் போய்ப் படுத்தது.

"கெட்டிக்காரன்" என்றாள் யூலியானா. நீட்டிய கைகளைச் சட்டையில் துடைத்துவிட்டு, தனக்கு மட்டும் தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள்.