ஒரே ஒரு ரோஸ் பல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வாயில் மிச்சமிருக்கிற மூன்று கடைவாய்ப் பற்கள் மேல் ஆணை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. விஷயம் என் காதுக்கு எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பல்லுக்காரர் சாப்பாட்டுப் பையோடு பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். ஷூவைக் கழற்றக் குனிந்தவர் நிமிரும்போது எதிர்ச் சுவரைப் பார்த்தார். பார்த்தவர் மறுபடி குனிந்துகொண்டார். அவிழ்த்த கயிற்றைத் திரும்பக் கட்டினார். கட்டியதைத் திரும்ப அவிழ்த்தார். சுவரில் இருந்தது அவர் வரைந்த படம். நான்கு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் போல நடுநாயகமாக இருந்தது.

பல்லுக்காரர் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியின் பின்னறையில் பல்செட் கட்டுகிறவர். முப்பது வருஷமாகக் கட்டுகிறார். உலகத்தில் வெள்ளை என்பது பதினாறு வகை என்று அவருக்குத் தெரியும். பதினாறில் எது எந்த வாய்க்கு என்று, ஆள் கதவைத் திறந்து வரும்போதே சொல்லிவிடுவார். அவர் கட்டிய செட் ஒன்றில் நாலு வருஷம் கழித்துச் சொத்தை விழுந்தது. அவ்வளவு தத்ரூபம். அந்த ஆள் வலி தாங்காமல் திரும்பி வந்து, கழற்றி மேஜைமேல் வைத்த பிறகும் முனகிக்கொண்டிருந்தார். இதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு ரகசியம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு குவாஷ் வண்ணத்தில் படம் வரைவார். குவாஷ் என்றால் தண்ணீரில் கரைத்துப் போடுவதுதான், ஆனால் கெட்டியாக, அடித்தளம் தெரியாமல் மூடும். காய்ந்தால் பளபளப்பே இல்லாமல், புதிதாக வெள்ளையடித்த சுவரின் சாந்தம் வந்துவிடும். அதற்கு ஒரு குணம் உண்டு: காய்ந்து எத்தனை வருஷமானாலும் ஈர விரலை வைத்தால் எழுந்து கூடவே வந்துவிடும். எதையும் முழுசாக மறக்காத வண்ணம். அதனால்தான் பல்லுக்காரருக்கு அதன் மேல் அப்படி ஒரு பைத்தியம்.

வரைவதும் சாமி, சூரிய அஸ்தமனம் இல்லை. அவருடைய அப்பா காலத்துப் பத்திரிகைகளின் பின்னட்டையில் வந்த விளம்பரங்கள் மாதிரி. ஐஸ்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆனந்தக் கண்ணீர் விடும் அம்மா. சலவை சோப்பைப் பார்த்து மெய்மறந்து நிற்கும் குடும்பம். டை கட்டிய முயல் போனில் பேசும். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய கட்டுகளிலிருந்து வெட்டி வெட்டி ஒன்பது நோட்டு நிரப்பியிருந்தார். அலமாரியில் கண்ணை உருட்டும் பூனைக் கடிகாரம், மூக்குக் கண்ணாடி போட்ட பீங்கான் நாய், கழுத்தைத் திருகினால் உப்பு கொட்டும் வாத்து. இதெல்லாம் அவருக்குச் சிரிப்பும் தந்தது, கண்ணைத் துடைக்கவும் வைத்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

யாரும் கேட்கவும் இல்லை, அபிப்பிராயம் சொன்னவர் ஒருவர்தான். மனைவியின் அண்ணன் எண்ணெய் வண்ணக்காரர். புயல், உடைந்த படகு, தலையைக் கவிழ்த்த நிர்வாணம் என்று பெரிய பெரிய துணியில் போடுகிறவர். பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் இவருடைய படம் ஒன்றைக் கையில் எடுத்து, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, "மாப்ள, இதை சோப்பு டப்பா மேல ஒட்டினா சோப்பு கொஞ்சம் கூட விக்கும்" என்றார். கிண்டலாகக்கூட இல்லை, உதவி செய்கிற குரலில். அன்றைக்குப் பல்லுக்காரரின் காது சிவந்தது. அதற்குப் பிறகு வரைந்தது எல்லாம் பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி நின்றது. வெட்கம் என்றால் அதுதான் என்று அவர் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது சுவரில் இருந்த படத்தைச் சொல்ல வேண்டும். பின்னால் கடுகு மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கதிர்கள் விரிகின்றன. நடுவில் ஒரு வயதான அம்மா, வெள்ளைப் பொட்டு போட்ட பச்சை கவுனில், வாக்வம் கிளீனர் மேல் ஒருக்களித்து உட்கார்ந்து ஆகாயத்தில் பறக்கிறார். தூக்கிய கையில் ஒரு கண்ணாடி டம்ளர், டம்ளருக்குள் பல்செட். பக்கத்தில் போ டை கட்டிய தங்கமீன் ஒன்று கைதட்டுகிறது. அம்மாவின் இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு மச்சம். வாய் அகலத் திறந்திருக்கிறது. வாய்க்குள் ஒரு பல் கிடையாது. ஈறு தெரியச் சிரிக்கிறார்.

அது ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ். ஊரில் பாதிப்பேருக்குக் கையெழுத்து வந்ததே அவர் கையில் இருந்த அடிஸ்கேலால்தான். போன மாதம் பெரியாஸ்பத்திரியில் மிச்சமிருந்த பற்களையும் எடுத்துவிட்டு, ஈறு ஆறியதும் செட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டே வந்தார். மூடிக்கொண்டே உட்கார்ந்தார். அளவு எடுக்கிற வேலையை டாக்டர் பல்லுக்காரரிடமே விட்டிருந்ததால் பின்னறையில் இரண்டுபேர்தான். கைக்குட்டையை எடுப்பதற்கு முன்னால் டீச்சர் சொன்னார்:

"தம்பி, இந்த வாயை என் வீட்டுக்காரருக்கே நான் காட்டல. சாப்பாடுகூட கதவைச் சாத்திட்டுத்தான். நீங்க பாக்கத்தான் வேணும், வேற வழியில்ல. பாத்துட்டு இங்கயே மறந்துடணும்."

"மறந்துட்டேன் டீச்சர்" என்றார் பல்லுக்காரர், இன்னும் பார்க்காமலே.

அளவு மாவு வைத்த தட்டை வாயில் அழுத்தி மூன்று நிமிஷம் பிடித்திருந்து, கழற்றும்போது அது வரவில்லை. இழுத்தார். மறுபடி இழுத்தார். 'பொளக்' என்று சோடா மூடி திறந்த மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது. டீச்சர் ஒரு கணம் திடுக்கிட்டு, பிறகு சிரித்தார். பள்ளிக்கூடம் முழுக்க நடுங்கிய அந்த முகம் பிறந்த குழந்தையின் முகமாகிவிட்டது. ஒரே ஒரு சிரிப்பு. உடனே கைக்குட்டை வந்து மூடிக்கொண்டது. பல்லுக்காரர் முப்பது வருஷமாகச் சிரிப்பு செய்து விற்கிறார், இருபது வருஷமாகச் சிரிப்பு வரைகிறார். அசல் சரக்கை அன்றைக்குத்தான் பார்த்தார். வந்த ஞாயிற்றுக்கிழமை கை தானாக வரைந்தது, இல்லாததைக் கொஞ்சம் கூட்டியும் வரைந்தது. கை வரைந்ததற்கு நான் என்ன செய்வேன் என்று பீரோவுக்குப் பின்னால் செருகினார். டீச்சர் மெழுகுச் செட்டைப் போட்டுப் பார்க்க வரும் நாள், இதோ இன்றைக்கு, பதினொரு மணி.

பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"நீயா குடுத்த?"

"பின்ன யாரு? டாக்டரம்மா நேத்து கடைத்தெருவுல பாத்தாங்க, சுவர் வெறிச்சுனு இருக்குதுன்னாங்க. எங்க வீட்டுல பீரோ பின்னாடி ஒரு கண்காட்சியே இருக்குன்னேன். நேத்து நீங்க பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தப்பவே ஆசாரியைக் கூட்டிட்டு வந்து எடுத்துட்டுப் போனாங்க."

"நாப்பது படம் இருக்கே. அதை ஏன் எடுத்த?"

"அந்தப் பொக்கவாயா? அது ஒண்ணுதாங்க உசிரோட இருக்கு. மத்ததெல்லாம் பல்லை இளிச்சுக்கிட்டு நிக்குதுங்க." அடுப்பைத் தணித்துவிட்டுத் தொடர்ந்தாள். "அண்ணன் வேற வந்திருந்தான். அதையே பாத்துட்டு நின்னான். ஒண்ணுமே சொல்லல. அவன் ஒண்ணும் சொல்லலைன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். இருபது வருஷமாக அவர் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அந்த 'ஒண்ணும் சொல்லல'தான். அது இன்றைக்குத்தானா வர வேண்டும்? சந்தோஷம் ஒரு மூலையில் தலையைக் காட்டியது, அவருக்கு அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. சோப்பு டப்பா என்று சொன்னபோது காது மட்டும்தான் சிவந்தது. இப்போது பின்னறைக் கண்ணாடியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். இத்தனை வருஷம் தப்பான விஷயத்துக்கு வெட்கப்பட்டுக் கையிருப்பு எல்லாம் தீர்ந்துபோய், சரியான விஷயம் வந்து நிற்கும்போது என்ன செய்வதென்று தெரியாத மாதிரி இருந்தது.

டாக்டரிடம் போனார். அவள் வயதில் சின்னவள், கையுறை போட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், அந்தப் படத்தைக் கழட்டிடலாம். வேற நல்லதா தரேன்."

"அண்ணா, கை வெச்சீங்கன்னா பாருங்க! பல்லு புடுங்க வந்தவங்க சிரிச்சு நான் இன்னைக்குத்தான் பாக்கறேன். ஏன் கழட்டணும்? யாரு அது, தெரிஞ்சவங்களா?"

"சே, சே. சும்மா... கற்பனை."

காரணம் சொன்னால்தான் கழற்ற முடியும்; காரணம் சொன்னால் டீச்சரை இரண்டாம் தடவை காட்டிக்கொடுத்ததாகும். பல்லுக்காரர் பின்னறையில் உட்கார்ந்து, மெழுகில் பதித்த டீச்சரின் பல் வரிசையைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பல் இல்லை என்பதுதானே பிரச்சினை? வாழ்நாள் முழுக்க இல்லாத இடத்தில் பல் வைத்தவன் நான். இங்கேயும் வைத்துவிட்டால்?

பத்தேகாலுக்கு முன்னறை காலியானது. குழந்தைகள் வாய் கொப்பளிக்க ஏறுகிற சின்ன ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டு போய் ஏறினார். வண்ணம் கையில் இல்லை, வேண்டியதும் இல்லை. விரலை நாக்கில் நனைத்து, கவுனில் இருந்த வெள்ளைப் பொட்டு ஒன்றைத் தொட்டுத் தேய்த்தார். குவாஷ் சொன்ன பேச்சைக் கேட்டு எழுந்து வந்தது. அதை ஈறின் மேல் வைத்தார். ஈறும் எழுந்து வந்தது. இரண்டும் கலந்து, மேல் வரிசை நடுவில் ஒரு பல் முளைத்தது. ஒரே ஒரு பல். அதுவும் ரோஸ். பதினாறு வெள்ளையில் எதிலும் சேராத ரோஸ். சரிசெய்ய விரலை மறுபடி வைத்தார், பல் பெரிதானது. இப்போது படத்தில் இருந்தது சிரிப்பு இல்லை. ஒற்றைப் பல் கிழவியைப் பார்த்து ஊர் சிரிக்கிற கேலி.

"தம்பி."

ஹெட்மிஸ்ட்ரஸ் எந்த இடத்துக்கும் அரைமணி முன்னால்தான் வருவார். அதை யோசித்திருக்க வேண்டும். பல்லுக்காரர் ஸ்டூலில் நின்றபடியே திரும்பினார். விரல் நுனியில் ரோஸ், நாக்கிலும் ரோஸ். கைக்குட்டைக்கு மேலே இரண்டு கண்கள் படத்தைப் பார்த்தன, விரலைப் பார்த்தன, நாக்கைப் பார்த்தன.

"யாரு இது?"

"சும்மா டீச்சர். பழைய பத்திரிகைல வந்த விளம்பரம்..."

பொய் பாதியிலேயே காய்ந்துபோனது. டீச்சர் பின்னறைக்கு நடந்தார். இவர் பின்னாலேயே போனார், பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டவன் வராந்தாவில் போகிற மாதிரி.

மெழுகுச் செட்டைப் பொருத்தினார். கடிக்கச் சொன்னார், டீச்சர் கடித்தார். கண்ணாடியைக் கொடுத்தார், பார்த்தார். ஐம்பது வயதில் இருந்த மாதிரியே ஆகிவிட்டார். எந்த அம்மாவாக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு புன்னகை வரும். டீச்சருக்கு வரவில்லை. செட்டைக் கழற்றி பல்லுக்காரர் உள்ளங்கையில் வைத்தார். கைக்குட்டையைத் தேடவில்லை. திறந்த வாயோடு, மெல்லிய குரலில் கேட்டார்:

"மறந்துட்டேன்னு சொன்னீங்களே?"

பல்லுக்காரர் உள்ளங்கையில் இருந்த பற்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

"மறக்க முடியல டீச்சர்."

இதற்கு என்ன பதில் வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அடிஸ்கேல் இருந்தால் கையை நீட்டியிருப்பார். டீச்சர் எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, கதவுவரை போய் நின்றார்.

"மச்சத்தை மட்டும் மறந்துட்டீங்க. எனக்கு வலது பக்கம்."

போய்விட்டார். பல்லுக்காரருக்கு உட்காரத் தோன்றவில்லை. பின்னறையையும் முன்னறையையும் பிரிக்கிற சுவரில், அச்சு வாங்கிக்கொள்வதற்காக ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியாகப் பார்த்தார்.

டீச்சர் வெளியே போகவில்லை. படத்துக்கு எதிரே நின்றிருந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு செருப்போடு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்ன ஸ்டூலில் ஏறினார். கட்டைவிரலை நாக்கில் நனைத்தார். எத்தனையோ சிலேட்டில் எத்தனையோ தப்புக் கணக்கை அழித்த விரல். அந்த ரோஸ் பல்லின் மேல் வைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பல் விரலோடு வந்துவிட்டது. அதைக் கொஞ்சநேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து, வாயை மூடாமல், விரலைத் துடைத்துக்கொண்டார். படத்தில் இருந்தவரும் ஸ்டூலில் நின்றவரும் ஒரு முழத் தூரத்தில், வாயைத் திறந்தபடி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் முகத்தில் எந்தப் பக்கமும் மச்சம் கிடையாது. நாற்பத்தாறு வருஷமாக அவளுக்குப் புருஷனாக இருக்கிற எனக்குத் தெரியாதா?