இரண்டு முட்டிக்கும் பழம்

இவோன் முழங்காலைச் சுற்றி டேப்பை இழுத்ததும் எட்மோன் மூச்சை அடக்கிக்கொண்டார்.

“மூச்ச விடுங்க பப்பா. அளக்குறது முட்டியத்தான், வயித்த இல்ல.”

சோதனையின் இருபத்தோராம் நாள். எட்மோன் கான் ஹொய் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர், எண்பத்திரண்டு வயது. இதயம் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நுணாப்பழம் ஊறிய சாராயத்தைத் தேய்த்தால் முட்டி வீக்கம் வற்றும் என்று நிரூபித்துவிட்டுத்தான் போவேன் என்று எட்மோன் சொல்லியிருந்தார். இவோனுக்கு ஆய்வகத்தில் எலிகளின் பாதத்தை வீங்கவைத்து, மருந்து கொடுத்து, அளப்பதுதான் வேலை. அவள்தான் திட்டம் போட்டாள்: ஒரு காலுக்குப் பழச் சாராயம், மற்றதற்கு வெறும் சாராயம். நிறத்தாலும் வாசனையாலும் பிடிபடாதபடி இரண்டிலும் கருக்கிய சர்க்கரையும் பச்சைத் தைலமும். எது எதுவென்று கலந்து கொடுத்த அம்மா ரோஸுக்கு மட்டுமே தெரியும்.

“வலது, ஒன்றரை சென்டி கம்மி,” என்றாள் இவோன். இடது முட்டியை அளந்தாள். மறுபடி அளந்தாள். “இடதும் ஒன்றரை.”

எட்மோனின் முகம் வாடியது. “அப்ப பழத்துல ஒண்ணுமில்லயா?”

பொய் சொல்லிவிடலாமா என்று இவோன் நினைத்தாள். எலிகளிடம் ஒருநாளும் வராத நினைப்பு.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த ரோஸ் தலை நிமிரவில்லை. “ரெண்டு போத்தல்லயும் பழந்தான் போட்டேன்.”

இவோன் டேப்பைக் கீழே வைத்தாள்.

“ஏன் மம்மா?”

“ஒரு காலு நோகட்டும்னு விட்டுட்டு இன்னொண்ண மட்டும் தேச்சுவிடச் சொல்றியா? எலிக்கு நீ செய்வே.”

எட்மோன் தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். “இடதுதான் வெறும் சாராயம்னு நெனச்சேன் ரோஸு. பழம் ஜெயிக்கட்டும்னு அந்தக் கால்ல வேணும்னே நொண்டினேன்.”

“தெரியும். ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி நொண்டுற காலு மாறிச்சு.”

இவோனும் சிரித்துவிட்டாள். மூன்று வாரச் சோதனை வீண். அதில் அவளுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை என்பதுதான் அவளுக்கு வியப்பாக இருந்தது.

“ஜெயிச்சது பழந்தான்,” என்றார் எட்மோன்.

“அப்படிச் சொல்ல முடியாது பப்பா, வெறும் சாராயத்தோட ஒப்பிட்டாத்தான்...”

“போடி. எனக்கு முட்டி மடங்குது.”

தடியைத் தொடாமல் எழுந்தார். மூன்று வருடமாகத் தாண்டாத அடுப்படிப் படியைத் தாண்டினார். மூன்று தம்ளர்களின்மேல் தகர வடிகட்டி வைத்து, காப்பித்தூள் போட்டு, வெந்நீர் ஊற்றி, தட்டில் ஏந்தி வந்து மேசையில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

“வடியட்டும்,” என்று கண்ணை மூடினார்.

ரோஸ்தான் முதலில் பார்த்தாள். கீரையை வைத்துவிட்டு அவர் கையைத் தொட்டாள். இவோன் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைத் தேடி வெகுநேரம் நின்றாள். பிறகு, மேலே கிடந்த காலை மெல்ல இறக்கப் போனாள்.

“இருக்கட்டும் விடு,” என்றாள் ரோஸ்.

மூன்று தம்ளரிலும் காப்பி சொட்டிக்கொண்டிருந்தது.